ஊதிப் பார்த்த நிறம்

ஓசாகா
2 நவம்பர் 2017

அன்புள்ள கனாயோ,

நான் நலம். உன் நலத்தை விசாரித்தால், “செத்தா சொல்லி அனுப்புறேன்” என்று போன முறை பதில் போட்டாய். ஆகவே விசாரிக்கவில்லை. ஆனால் முதுகு வலிக்கு டாக்டரிடம் போனாயா என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. போனை எடுப்பதே இல்லை என்று நீ சபதம் போட்டு ஆறு வருஷம் ஆகிறது. அதனால்தான் தபால்காரரைத் தொந்தரவு செய்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனி டேபிள் டென்னிஸ் மட்டை செய்கிறது அல்லவா? எல்லா மட்டைக்கும் ஒரே கோளாறு: ஆட்டம் சூடு பிடித்ததும் உள்ளங்கை வியர்க்கிறது, பிடி வழுக்குகிறது. போன மாதம் ஒரு மீட்டிங்கில் வாய் தவறி, “எங்கள் ஊர் மரப்பால் அரக்கைப் பூசினால் கை ஈரமாக ஆக இன்னும் ஒட்டிக்கொள்ளும்” என்று சொல்லிவிட்டேன். எங்கள் பிரிவுத் தலைவர் ஓகிதா அப்படியே பிடித்துக்கொண்டார். பிப்ரவரி கடைசியில் ஒரு பெரிய போட்டி இருக்கிறது. அதற்குள் அறுபது பிடிகள் வேண்டுமாம்.

நம் கவாதாவில் இதை உன்னை விட்டால் யாரிடம் கேட்பேன்? வீட்டு மாப்பிள்ளையாக வந்து, உங்கள் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு, இருபது வருஷம் உன் அப்பாவிடம் திட்டு வாங்கியும் எனக்குத் தூரிகை பிடிக்க வரவில்லை. உனக்கு வரும்.

மாதிரிக்கு நான்கு வெறும் பிடிகள் அனுப்பியிருக்கிறேன். விளம்பரத் தாளும் கூட இருக்கிறது. ஒவ்வொரு பிடியிலும் “நிஷிவாகி” என்று நம் குடும்பப் பெயரைப் பொன் எழுத்தில் போட வேண்டும் என்கிறார் ஓகிதா. கோபப்படாமல் யோசி.

அன்புடன்,
கோஹே

---

கவாதா
9 நவம்பர் 2017

கோஹேவுக்கு,

கோபப்படாமல் யோசி என்று எழுதினாய். யோசித்தேன். அப்புறம்தான் கோபம் வந்தது.

அந்த விளம்பரத் தாளை யார் எழுதினது? “ஆயிரம் ஆண்டு ஆன்மா உங்கள் உள்ளங்கையில்.” சீ! பின்னால் செர்ரிப் பூ வேறு கொட்டுகிறது. ஒரு பொம்பளை கிமோனோ கட்டிக்கொண்டு மட்டையை மடியில் வைத்து, பிள்ளைக்குப் பால் கொடுக்கிற மாதிரி அதைப் பார்க்கிறாள். அரக்கு பூசுகிறவள் எவளாவது கிமோனோ கட்டிப் பார்த்திருக்கிறாயா? தூசி ஒட்டக்கூடாதே என்று நான் பழைய நைலான் மேல்சட்டையில் உட்கார்ந்திருப்பேன். அதைப் போட்டோ எடுத்துப் போடச் சொல், பார்க்கலாம். “கன்னியரின் கூந்தலால் ஆன தூரிகை” என்று ஒரு வரி. கருமம். என் தூரிகையில் இருப்பது யார் முடியோ எனக்கே தெரியாது. இந்த வரியைப் படித்ததிலிருந்து அதைத் தொடவே கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்று. “உலர்த்தும் இயந்திரத்தில் இரண்டு மணி நேரம்” என்று அட்டவணையில் போட்டிருக்கிறார்கள். உலர்த்துவார்களாம்! இது ஈரத்தில்தான் இறுகும், கதகதப்பான ஈர அலமாரியில் நாள்கணக்கில் கிடக்க வேண்டும் என்று உன் ஆபீஸில் ஒருத்தருக்கும் தெரியாதா? உனக்குமா மறந்துபோச்சு? நீ அங்கே உட்கார்ந்து என்னதான் செய்கிறாய்?

முடியாது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். உன் வெறும் பிடி ஒன்றுக்கு மெல்லிசாக ஒரு பூச்சுக் கொடுத்து, நாலு நாள் அலமாரியில் வைத்து எடுத்தேன். கையை நனைத்துப் பிடித்துப் பார்த்தேன். அது கையை விட மாட்டேன் என்றது. கிண்ணமும் சாப்பாட்டுத் தட்டும் பூசி வருஷம் போனவளுக்கு இது புதுசு. சந்தோஷமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அதோடு, நான் மாட்டேன் என்றால் உன் ஓகிதா கறுப்புப் பெயின்ட் அடித்து அதையே அரக்கு என்று விற்பார். அந்தக் கண்றாவியை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது.

செய்கிறேன். ஆனால் என் பேச்சுத்தான் செல்லும். ஏழு பூச்சு. ஒவ்வொன்றையும் வாயால் ஊதிப் பார்ப்பேன். மேலே படிகிற ஆவி வெள்ளையாக இருந்தால் இறுகிவிட்டது. நீலம் தட்டினால் உள்ளே இன்னும் பச்சையாகக் கிடக்கிறது, தோலில் பட்டால் அரித்துப் புண்ணாக்கும், யார் தலைபோனாலும் வெளியே போகாது. அப்புறம், பெயர் கிடையாது. பொன்னிலும் கிடையாது, தகரத்திலும் கிடையாது. எங்கள் வீட்டில் யாரும் வேலையில் பெயர் பொறித்ததில்லை. உன் விளம்பரச் சாக்கடையில் என் அப்பா பெயர் மிதக்க வேண்டாம்.

முதுகு அப்படியேதான் இருக்கிறது.

கனாயோ

---

ஓசாகா
20 டிசம்பர் 2017

அன்புள்ள கனாயோ,

முதல் நான்கு பிடிகளும் வந்தன. பெட்டியைத் திறந்து ஒரு பிடியை எடுத்த ஓகிதா அதைக் கீழே வைக்கவே இல்லை. அதிசயம்தான்.

ஒரு மட்டையை மினோரிக்குக் கொடுத்தோம். கியோட்டோவில் காலேஜில் படிக்கிற பத்தொன்பது வயதுப் பெண், எங்கள் கம்பெனி மட்டையில் ஆடுகிறவள். இந்தப் பிப்ரவரிப் போட்டியில் ஜெயித்தால் தேசிய அணித் தேர்வுக்குப் போவாள். இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு ஓடி வந்தாள். “அங்கிள், கை வேர்த்து ஊத்துது, ஆனா மட்டை அசைய மாட்டேங்குது! இதப் பூசுனவங்க யாரு? சாமியா?” என்றாள். சாமி இல்லை, சாமியே பயப்படுகிற ஆள் என்றேன். இதை எழுதினதற்கும் திட்டு விழும், தெரியும்.

பெயர் இல்லை என்பதற்கு ஓகிதா ஒருவாறு இறங்கி வந்தார். ஆனால் ஒரு படிவம் நிரப்பியாக வேண்டும். பிடி தோலில் பட்டால் அரிக்கிறதா என்று இரண்டு பேர் தொட்டுச் சோதித்து, பெயர் எழுதி முத்திரை வைக்க வேண்டும். அது ஆபீஸ் அலமாரிக்குள் கிடக்கும், வெளியே போகாது. உன்னையும் என்னையும் எழுதிவிட்டேன். இந்த விஷயத்தில் நம்மைவிட அனுபவசாலி யார்? உன் முத்திரையை வைத்து அனுப்பு. இரண்டு தாள் இணைத்திருக்கிறேன், ஒன்று தப்பானால் இன்னொன்று இருக்கட்டும்.

கெட்ட செய்தி கடைசியில். பிப்ரவரி பதினான்காம் தேதிக்குள் அறுபதும் வேண்டும். பத்து நாள் முன்னால் தள்ளிவிட்டார்கள். கெஞ்சிப் பார்த்தேன்.

அன்புடன்,
கோஹே

---

கவாதா
4 ஜனவரி 2018

கோஹேவுக்கு,

புதுவருஷ வாழ்த்து அட்டை அனுப்பவில்லை. இது நாய் வருஷம் என்று நாய் படம் போட்டு எல்லாரும் அனுப்பியாயிற்று, போதும்.

பத்து நாள் முன்னாலா? உன் ஓகிதா கர்ப்பிணிப் பெண்ணிடமும் போய், ‘பத்து நாள் முன்னால பெத்துக் குடும்மா’ என்று கேட்பாரா? கேட்பார், அந்த மூஞ்சி கேட்கும்.

முத்திரை வைத்த படிவம் உள்ளே இருக்கிறது. இன்னொரு தாள் என்னிடமே இருக்கட்டும். அந்த ஒரு இடத்தில் என் பெயர் இருப்பதில் ஆட்சேபம் இல்லை, அது உண்மைதான். ஒரு வாரம் பிடியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். சமைக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, ஒரு ராத்திரி தூக்கத்தில்கூட. ஒரு பொட்டு அரிப்பு இல்லை.

அந்தப் பெண்ணிடம் சொல், சாமி எல்லாம் பூசாது, சாமிக்கு முதுகு வலிக்கும் என்று.

கனாயோ

---

கவாதா
13 பிப்ரவரி 2018

கோஹேவுக்கு,

நீ வேனோடு வாசலில் நிற்கப்போகிறாய். உன்னிடம் வாய் திறந்து பேசுவதாக இல்லை. அதனால் இதைப் பெட்டிக்குள்ளேயே வைக்கிறேன்.

பனியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, வழியெல்லாம் பார்த்திருப்பாய். கூரையில் இரண்டு முறை ஏறித் தள்ளினேன். தள்ளினதும் திரும்பக் கொட்டுகிறது. மின்சாரம் இரண்டு நாள் இல்லை. அலமாரியின் சூடு போய்விட்டது. மண்ணெண்ணெய் அடுப்பை அலமாரி வாயில் வைத்து, கெட்டிலில் தண்ணீர் கொதிக்க விட்டு, மூடிய அறைக் கதவின் மேல் போர்வை போட்டு, இரண்டு நாளும் அதன் பக்கத்திலேயே கிடந்தேன். வீடு முழுக்க மண்ணெண்ணெய் வாடை. இன்னும் என் தலைமுடியிலிருந்து போகவில்லை. மிசோ சூப்பிலும் அதே வாடை.

உன் ஓகிதா ஒரு நாளைக்கு நாலு முறை போன் பண்ணுகிறார். நான் எடுக்கவில்லை என்று பக்கத்துக் கடைக்குப் பண்ணி, அவர்கள் என்னை வந்து கூப்பிடுகிறார்கள். “பனிங்கறது எங்க எல்லாருக்கும்தாங்க, ஆனா போட்டி நிக்காதே” என்கிறார். ஓசாகாவில் குடை பிடித்துக்கொண்டு பனியைப் பார்க்கிற ஆள்! பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

அறுபதும் இருக்கிறது. ஊதிப் பார்த்தேன். எடுத்துக்கொண்டு போ.

அப்படியே போய்விடு, உள்ளே வந்து டீ குடிக்கலாமா என்று நிற்காதே.

கனாயோ

---

ஓசாகா
26 பிப்ரவரி 2018

கனாயோ,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மட்டைகளைப் பதினைந்தாம் தேதி ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்தோம். இருபதாம் தேதி ஒரு பையனுக்குக் கை அரித்தது, குளிரால் வந்த வெடிப்பு என்று நினைத்தான். இருபத்திரண்டாம் தேதிக்குள் பதினொரு பேர். விரல் இடுக்கில் கொப்புளம், உடைந்தால் நீர். கண்ணைத் தேய்த்தவர்களுக்குக் கண்ணும் வீங்கிவிட்டது.

எல்லாரையும்விட மோசம் மினோரிக்கு. அவள்தான் புது மட்டையைக் கீழே வைக்காமல் பயிற்சி செய்தவள். போட்டியன்று காலை துணியைச் சுற்றிக்கொண்டு ஆட வந்தாள். முதல் சுற்றின் நடுவில் துணி நனைந்து மட்டை நழுவியது. அவளே கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்திக்கொண்டாள். தேசியத் தேர்வு இந்த வருஷம் அவளுக்கு இல்லை.

அறுபது மட்டைகளையும் திரும்பப் பெற்றோம். டாக்டர் கேட்டதற்காக மினோரியின் கையை எடுத்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

கோஹே

---

கவாதா
3 மார்ச் 2018

கோஹேவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் பிரித்தேன். முள்ளங்கித் துருவலும் சோபா நூடுல்ஸும் தட்டில் இருந்தன. படம் அதன் பக்கத்தில் விழுந்தது. சீச்சீ! இப்படியா அனுப்புவது, உறையின் மேல் ஒரு வார்த்தை எழுதக்கூடாதா? தட்டோடு கொண்டுபோய்க் கொட்டினேன். அன்றிலிருந்து நூடுல்ஸைப் பார்த்தாலே அந்தக் கைதான் தெரிகிறது. மஞ்சளாக, தோல் உரிந்து, அதன் மேல் மருந்து பளபளத்துக்கொண்டு.

இப்போது பழி என் மேல்தானே? சொல்லிவிடு, கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கிடங்கில் என்ன செய்தீர்கள்? அந்தப் பாழாய்ப்போன உலர்த்தும் இயந்திரத்தில் போட்டீர்களா? ரப்பர் ஒட்டுகிற பசை எதிலாவது தோய்த்தீர்களா? என்னிடமிருந்து போனபோது ஒழுங்காகப் போனது. ஊதிப் பார்த்தேன் என்று எழுதியிருந்தேனே, எழுதினேனா இல்லையா? எடுத்துப் பார்.

தொட்டும் பார்த்தேன். ஒன்று விடாமல் அறுபதையும். பத்துப் பிடியை உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வேனில் ஏற்றி இறக்கினாயே, உனக்கு ஏதாவது ஆயிற்றா? இல்லை அல்லவா? அப்புறம் என்ன?

தேதியைப் பத்து நாள் முன்னால் தள்ளினவர் ஓகிதா. தலையாட்டினவன் நீ. ஆறு வருஷத்துக்கு முன்னால், “ஒரு கிண்ணத்துக்கு நாலு மாசம்னா எவன் வாங்குவான்”னு கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாயே, உனக்கு அவசரம்தான் சாமி. உன்னை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. உன் கம்பெனியை நினைத்தால் காறித் துப்பலாம் போல இருக்கிறது.

அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுது.

கனாயோ

---

ஓசாகா
17 மார்ச் 2018

அன்புள்ள கனாயோ,

மினோரிக்கு வீக்கம் வடிந்துவிட்டது. தோல் இன்னும் புதிதாக வளர்ந்து கொண்டிருக்கிறது. இனிமேல் மாம்பழம்கூடத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவும் அரக்கு மரமும் ஒரே குடும்பமாம். ஒருமுறை உடம்பு வெறுத்துவிட்டால் இதையும் அதையும் பிரித்துப் பார்க்காதாம்.

நேற்று நிருபர்கள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டோம். செய்தியில் நீ பார்த்திருக்கலாம். ஓகிதா பத்து விநாடி குனிந்தார், நான் நிமிரவே மறந்துவிட்டேன். அரக்கு இறுகும் முன்பே பொருளை வெளியே எடுத்தது நான்தான் என்று சொன்னேன். பூசியவர் யார் என்று கேட்டார்கள். சொல்லவில்லை. நம் இருவர் பெயரும் இருந்த பழைய படிவத்தைக் கிழித்துவிட்டு, என் பெயரை மட்டும் போட்டுப் புதிதாக எழுதி வைத்துவிட்டேன்.

ஆனால் என் பெயர் “நிஷிவாகி” அல்லவா? மேஜையில் என் முன்னால் பெரிய எழுத்தில் அந்தப் பலகைதான் இருந்தது. உன் அப்பாவின் பெயர் அப்படித் தொலைக்காட்சியில் வந்ததை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் இதோடு விவாகரத்துத் தாளை வைத்திருக்கிறேன். என் பக்கம் நிரப்பி முத்திரையும் வைத்துவிட்டேன். நீயும் வைத்து ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டால், நான் மறுபடி என் பிறந்த வீட்டுப் பெயரோடு பழைய ஹயாமி ஆகிவிடுவேன். பத்திரிகைக்காரர்கள் கவாதா பக்கம் வந்தால், “அந்த ஆளுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை” என்று நீ சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அன்று வேனில் திரும்பும்போது, நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி, பெட்டியைத் திறந்து ஒரு பிடியை எடுத்து ஊதிப் பார்த்தேன். நீலம். இன்னொன்று எடுத்தேன். அதுவும் நீலம். உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு காப்பி குடித்தேன். அரிக்கவில்லை. ‘அரிக்கலையே, பரவாயில்லை’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பெட்டியை மூடினேன். உன்னிடம் திரும்பி வந்திருக்கலாம். வரவில்லை.

உன் மேல் தவறு இல்லை. மின்சாரம் இல்லாத வீட்டில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், நீலமா வெள்ளையா என்று யாருக்குத் தெரியும்? உனக்குத் தெரிந்திருக்காது. மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

முதுகுக்கு டாக்டரைப் பார்.

கோஹே

---

கவாதா
29 மார்ச் 2018

கோஹேவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முதல் நாள் படித்ததும் எழுந்துபோய் வாய் கொப்பளித்தேன். அவ்வளவு இனிப்பு. “மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தெரிந்திருக்காது” என்கிறாய். யாரிடம்? நாலு வயசிலிருந்து இதை ஊதிக்கொண்டிருப்பவளிடம். உன் பெருந்தன்மையைக் கொண்டுபோய் ஆற்றில் போடு. எனக்கு வேண்டாம், பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

மெழுகுவர்த்தி இல்லை. பதின்மூன்றாம் தேதி காலையிலேயே மின்சாரம் வந்துவிட்டது. நீ வந்தது மத்தியானம். பளிச்சென்று குழல்விளக்கு எரிந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி வெயிலில் கண்ணைக் கூசியது. அந்த வெளிச்சத்தில் நின்று ஊதினேன். நீலம். ஒவ்வொன்றாக எடுத்து ஊதினேன், ஏதாவது ஒன்றாவது வெள்ளையாக இருக்காதா என்று. அறுபதும் நீலம்.

ஊதிப் பார்த்தேன் என்று எழுதினேன். என்ன நிறம் என்று எழுதவில்லை. நீயும் கேட்கவில்லை. எவ்வளவு நாகரிகமான புருஷன் பெண்டாட்டி, பார்!

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எதற்காகச் சொல்லவில்லை தெரியுமா? சொன்னால் நீ சிரிப்பாய் என்று. ‘பாத்தியா, ஒரு கிண்ணத்துக்கு நாலு மாசம்னா எவன் வாங்குவான்’ என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் போட்ட சத்தம்தான் சரி என்று ஆகிவிடும். அந்த ஒரு விநாடி உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காக ஒரு பெண்ணின் கையை வேக வைத்துவிட்டேன். போன கடிதத்தில் உன்னையும் ஓகிதாவையும் வாய்க்கு வந்தபடி எழுதினேனே, அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனால் அத்தனையும் எனக்கும் சேர்த்துத்தான்.

இருபத்தைந்தாம் தேதி கியோட்டோ போனேன். மினோரியைப் பார்க்க. விடுதி வாசலில் வெள்ளைத் துணிக் கையுறை போட்டுக்கொண்டு வந்தாள்.

“யாரு நீங்க?” என்றாள்.

“உன் மட்டைக்கு அரக்கு பூசுனவ.”

“தப்பு என்னோடதுன்னு அந்த அங்கிள் டிவியில சொன்னாரே?”

“அவருக்குத் தூரிகை பிடிக்கவே வராதும்மா. பூசுனது நான்.”

நான் அங்கேயே குனிந்து நின்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஐயோ, குனியாதீங்க. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. எல்லாரும் வந்து குனிஞ்சு குனிஞ்சு நிக்கறீங்க, என்னதான் நடந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறீங்க!”

நிமிர்ந்து, நடந்ததைச் சொன்னேன். வெள்ளை, நீலம், பனி, தேதி, உன்னிடம் தோற்கக்கூடாது என்று நினைத்தது எல்லாம். அப்புறம், “உங்க கையக் காட்டுங்க” என்றாள். காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தில் கறுப்பு, அவ்வளவுதான். ஒரு தழும்பு கிடையாது.

“நீங்க தொட்டுப் பாக்கலையா?”

“பாத்தேன். அறுபதையும்.”

“அரிக்கலையா?”

“எனக்கு அரிக்காது. சின்னப் பிள்ளையிலருந்து இதுலயே கிடக்கேன், உடம்பு பழகிடுச்சு. எங்க ஊர்ல யாருக்குமே அரிக்காது.”

“அப்புறம் எதுக்குத் தொட்டுப் பாத்தீங்க?”

கோஹே, அந்தக் கேள்வி உனக்கும்தான். நீ ஓய்விடத்தில் காப்பி குடித்துக்கொண்டே அழுத்திப் பிடித்தாயே, எதற்கு? “நம்மைவிட அனுபவசாலி யார்” என்று எழுதினாய். நானும் ஆமாம் என்று முத்திரை வைத்தேன். மரத்துப்போன நாலு கையை வைத்துக்கொண்டு, அரிக்கவில்லை அரிக்கவில்லை என்று ஒருத்தருக்கொருத்தர் சாட்சி சொல்லியிருக்கிறோம்.

உனக்குக்கூடவா ஞாபகம் வரவில்லை? நீ பிறந்ததிலிருந்து இதில் கிடந்தவன் இல்லையே. கல்யாணமாகி வந்த முதல் மழைக்காலத்தில் உன் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, கண்ணே திறக்காமல் பத்து நாள் கிடந்தாய். ஆற்று நண்டை நசுக்கி அந்தச் சாற்றை நான்தான் உன் முகமெல்லாம் தடவினேன். நாற்றம் தாங்காமல் வாந்தி எடுத்தாய். “உங்க அரக்குச் சொறியவிட இந்த நண்டுதான் கொடுமை” என்று நீ அழ, நான் சிரிக்க, அப்பா அடுத்த அறையிலிருந்து சத்தம் போட்டார். அத்தனையும் பார்த்தவர்கள் நாம் இரண்டு பேரும். இரண்டு பேரும் மறந்தோம்.

நான் கிளம்பும்போது மினோரி ஒன்று சொன்னாள். “முதல்ல குடுத்தீங்களே ஒரு மட்டை, அது அவ்வளவு நல்லா இருந்துச்சு. அதான் எரிச்சலா வருது.” மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வேறு மரத்தில் செய்த வெறும் பிடியை வைத்து, அடுத்த வருஷத் தேர்வுக்கு ஆடப் போகிறாளாம்.

இப்போது உன் விவாகரத்துத் தாள். பச்சைக் கோடு போட்ட அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் பார்த்தேன். அரக்கு வடிகட்டக்கூட லாயக்கில்லாத காகிதம், முறுக்கினால் கிழிகிறது. உன் கையெழுத்து அதில் அழகாக இருக்கிறது. பழியைத் தூக்கிக்கொண்டு, பெயரை மட்டும் துடைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பார்க்கிறாய். இதுவும் கதவைச் சாத்திக்கொண்டு போகிற வேலைதான், ஆறு வருஷத்துக்கு முன்னால் செய்ததேதான். திருப்பி அனுப்புகிறேன். என் முத்திரை அதில் இல்லை.

முத்திரையை எடுத்தது உண்மை. அதை வேறு தாளில் வைத்தேன். டிசம்பரில் நீ அனுப்பின படிவத்தில் ஒன்று என்னிடமே இருந்தது அல்லவா? முதல் வரியில் இப்படி எழுதியிருக்கிறேன்: “பூசியவர், சோதித்தவர்: நிஷிவாகி கனாயோ. அறுபதும் நீலம் என்று தெரிந்தே அனுப்பினேன்.” கீழே என் முத்திரை. பிடியில் பெயர் போட மாட்டேன் என்று குதித்தவள் நான்தான். இதில் போட்டிருக்கிறேன். ஓகிதாவிடம் கொடு. நிருபர்களிடமும் கொடு. அவர் மறைத்தால் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன், மினோரியிடம் ஒரு பிரதி இருக்கிறது.

இரண்டாவது வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். ஓய்விடத்தில் ஊதிப் பார்த்தவன் எழுத வேண்டிய இடம் அது. தபாலில் வேண்டாம், ஓகிதாவிடம் கொடுக்கும் முன் படிவத்தை எடுத்துக்கொண்டு நேரில் வந்து என் கண் முன்னால் எழுது. ஹயாமி என்று எழுதுகிறாயா, நிஷிவாகி என்று எழுதுகிறாயா என்று நான் பார்க்க வேண்டும்.

கனாயோ